ஜெகபர் சாதிக் சொன்ன மூன்று நாள்

ஜெகபர் சாதிக் இருபத்திரண்டு வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறார். விடியற்காலை பஜ்ர் தொழுதுவிட்டு காந்தி மார்க்கெட் வாசலுக்கு வந்தால், கீரைக்கட்டுகளோடு முதலில் ஏறுகிறவர் வீரம்மாள். அந்தம்மாளை ஸ்ரீரங்கத்தில் கடை போடும் இடத்தில் இறக்கிவிட்ட பிறகுதான் அவருக்கு டீ. பேசிய வாடகைக்கு மேல் கேட்க மாட்டார், வாயில் பொய் வராது என்று மார்க்கெட்டில் அவருக்கு ஒரு பெயர். அது அல்லாஹ் கொடுத்த பெயர், கெடுத்துக்கொள்ளக் கூடாதே என்கிற பயமும் அவருக்கு உண்டு.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு தைலக் கம்பெனிக்காரர்கள் வந்து ஆட்டோவின் முதுகில் விளம்பரம் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஸ்டாண்டில் ஒரே கேலி.

"என்ன பாய், முட்டிக்கு நீங்களும் பூசுறீங்களா?"

"அட போங்கப்பா. இந்த விளம்பரமெல்லாம் நம்மகிட்ட வேலைக்காகாது. பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு நின்னு படிச்சதுகூட இல்ல."

உண்மைதான். ஒரு பாட்டில்கூட அவர் வாங்கியதில்லை.

வீரம்மாளுக்கு வலது முட்டி வீங்கியிருந்தது. வியாழக்கிழமை எக்ஸ்ரே எடுக்க வரும்படி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தின நாள், காவிரிப் பாலத்து நெரிசலில் ஆட்டோ நின்றபோது கேட்டார்.

"பாய், ஒங்க ஆட்டோவுல போட்டிருக்கே, அந்தத் தைலம் கேக்குமா?"

முன்னால் நின்ற பஸ் நகர்ந்தது. கியரைப் போட்டுக்கொண்டே, "மூணே நாள்ல மலைக்கோட்டை படி ஏறலாம்க்கா" என்றார் ஜெகபர். சொன்னதை அப்போதே மறந்தும்விட்டார்.

மூன்று வாரம் கழித்து, மார்க்கெட் வாசலில் வீரம்மாளால் ஆட்டோவுக்குள் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முட்டி தேங்காய் மாதிரி இருந்தது.

"எக்ஸ்ரே எடுத்தாச்சாக்கா?"

"எங்க எடுத்தேன்? நீங்கதான் மூணு நாள்னு சொன்னீங்களே. ரெண்டு பாட்டில் காலி."

"நான் அதைத் தொட்டதுகூட இல்லையேக்கா!"

"தொடாமத்தான் சொன்னீங்களா? செவுத்துல எழுதுறது, டிவியில காட்டுறது எதையும் நம்புற ஆளில்ல நான். பொய் பேசாத மனுஷன் சொல்றாரேன்னு வாங்கினேன்."

ஜெகபர் இறங்கி ஆட்டோவின் பின்பக்கம் போனார். சிரிக்கிற ஒரு பெரியவர் படத்துக்கு மேலே, அவர் சொன்ன அதே வார்த்தைகள் மஞ்சள் எழுத்தில் இருந்தன. தினமும் ஆட்டோவைத் துடைக்கிறபோது கண்ணில் பட்டிருக்கும். என்றைக்கு அது நாக்கில் வந்து உட்கார்ந்தது என்றுதான் தெரியவில்லை. "அஸ்தஃபிருல்லாஹ்" என்று அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டு நெஞ்சில் கை வைத்தார்.

பிறகு கீரைக்கட்டுகளைத் தூக்கிப் பக்கத்துக் கடையில் வைத்தார்.

"என்ன பாய் பண்றீங்க? கீரை வாடிரும்."

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்க்கா. என்னாலதான் லேட்டுன்னு டாக்டர்கிட்ட நானே சொல்றேன்."

"அய்யோ, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். சொன்ன வரைக்கும் போதும்" என்றார் வீரம்மாள். "கையைக் குடுங்க, ஏறணும்."