பல் டாக்டரின் திரைச்சீலை

நுரையக்காவுக்குப் பகல் தூக்கம் உள்ளங்காலில்தான் தொடங்கும். சலவைக்கடையின் பெரிய இயந்திரத்தில் இரண்டு காலையும் பதித்து நாற்காலியில் சாய்வாள். அது சுற்றச் சுற்ற அதிர்வு முழங்கால்வரை ஏறும். வட்டக் கண்ணாடிக்குள் ஊரார் துணியெல்லாம் மேகம்போல் உருளும். அவளும் கூடவே உருளுவாள். யாராவது வந்து இருமினால்தான் தரையிறங்குவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை சோப்புத்தூள் வாங்கப் போய்த் திரும்பினால், இயந்திரம் இல்லை. நான்கு ரப்பர் கால்களின் தடமும், பிடுங்கிய குழாயிலிருந்து ஒழுகும் தண்ணீரும்தான் இருந்தன. தங்கை மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"லோன் கம்பெனி ஆளுங்கக்கா. 'ரெண்டு தவணை பாக்கிம்மா, ஓரமாப் போம்மா'ன்னு..." அழுகைக்கு நடுவிலும் அந்த ஆளின் கட்டைக்குரல் அப்படியே வந்தது. "குறுக்க நின்னேன். தள்ளிவிட்டுட்டுத் தூக்கிட்டானுங்க. ஓடிட்டிருந்த மெஷின்க்கா!"

"உள்ள என்னடி இருந்துச்சு?"

"பல் டாக்டர் ரூம் திரைச்சீலை."

"ஐயையோ!"

கறுப்புக் கோட்டை வாங்கிப்போக வந்த வக்கீலம்மா வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

"எடுக்கப்போறோம்னு எழுத்துல நோட்டீஸ் வந்துச்சா?"

"ஒரு துண்டுச்சீட்டுகூட வரலைம்மா."

"மெஷினை அடமானமா வெச்சுட்டா அவங்க ராஜாவா? எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நோட்டீஸ், விக்கறதுக்கு முன்னாடி ஒரு நோட்டீஸ். அவங்க பத்திரத்துலயே இருக்கும். மீறினா விற்பனையை நிறுத்தச் சொல்லலாம், பொருளைத் திருப்பிக் கேக்கலாம், நஷ்டமும் கேக்கலாம். ஆனா பாக்கித் தவணை எங்கயும் போகாது."

"கட்டிடறேம்மா. மெஷின் வந்தாத்தானே கட்ட முடியும்?"

வெள்ளிக்கிழமை ஏலம் என்று தெரிந்தது. வக்கீலம்மா மனு போட, வியாழனன்றே நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. கிடங்குக்குப் போய்ப் பார்த்துவர ஓர் அலுவலரையும் அனுப்பியது. அந்த நாட்களில் நுரையக்கா தொட்டியில் கையால் துவைத்தாள். தூக்கமே இல்லை. தெருவில் பேருந்து உறுமி நின்றால் செருப்பின் வழியாக அதிர்வு ஏறும். அங்கேயே கண்மூடி நிற்பாள்.

"அக்கா, பஸ்ஸை வாங்கி வெக்க இடமில்ல, வா," என்று தங்கை இழுத்துப் போவாள்.

விசாரணை நாளில் கம்பெனி மேனேஜர் தேன் குழைத்த குரலில் பேசினார். "அவங்களே மனசார ஒப்படைச்சாங்கய்யா."

நீதிபதி அலுவலரின் அறிக்கையைப் புரட்டினார். "மெஷினுக்குள்ள சோப்புத் தண்ணியோட ஒரு திரைச்சீலை இருந்திருக்கு. மனசார ஒப்படைக்கிறவங்க, அடுத்தவங்க துணியைப் பாதித் துவையல்லயா குடுப்பாங்க?"

சாட்சிக்கு வந்திருந்த பல் டாக்டர் எழுந்தார். "அது என்னோடதுதாங்கய்யா. திரை இல்லாம, வெளிய உக்காந்திருக்கறவங்க உள்ள நடக்கறதைப் பாத்துட்டு ஓடிடறாங்க!"

இயந்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், கடை முடங்கிய நாட்களுக்கும் திரைச்சீலைக்கும் நஷ்டஈடு தர வேண்டும், பாக்கித் தவணையை நுரையக்கா கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது.

கம்பெனி ஆட்கள் நால்வர் அதைத் தூக்கிவந்து அந்தப் பழைய தடத்திலேயே இறக்கினார்கள். இரண்டு முறை துவைத்தும் திரைச்சீலையில் பூஞ்சை வாடை போகவில்லை. டாக்டர், "புதுசே வாங்கிக்கறேன், விடுங்க," என்றார். நுரையக்கா கேட்கவில்லை, மூன்றாம் முறையும் உள்ளே போட்டாள். செருப்பைக் கழற்றி, பாதங்களைப் பதித்துச் சாய்ந்தாள். வெளிர்நீலத் திரை உருண்டது.

டாக்டர் இருமினார். இன்னொரு தடவையும் இருமினார்.

அன்று அவள் தரையிறங்கவில்லை.