தோலின் பின்பக்கம் எழுதிய எண்கள்

நீ பொய் சொன்னாய். புதுக் கேன்டீன் திறந்த அன்று, எல்லா செக்‌ஷன் ஆட்களும் உட்கார்ந்திருக்க, மைக்கைப் பிடித்து, "பழைய முகவரி ஒண்ணுகூட உடையாம நம்ம வெப்சைட்ட மாத்திக் குடுத்திருக்கேன்" என்று சொன்னாய். சின்ன முதலாளி முதலில் கை தட்டினார். அவர் தட்டினால் எல்லாரும் தட்டுவார்கள். நான் பின்னால், கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். தட்டவில்லை. அந்தப் பொய் அப்படியே நின்றுவிட்டால் வேலை உன்னுடையது, தப்பு சாம்பிள் ரூமில் தோல் துண்டுகளுக்கு எண் எழுதும் பாயுடையது என்று முடிந்துவிடும். எனக்கு ஒன்றுமே மிஞ்சாது.

படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பேரணாம்பட்டிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறேன். டெஸ்பாட்ச் கிளார்க்காகச் சேர்ந்தவள். கம்பெனிக்கு வெப்சைட் வேண்டும் என்று பெரிய முதலாளி சொன்னபோது செய்ய ஆள் இல்லை. நானே கற்றுக்கொண்டு செய்தேன். பதினோரு வருஷம் நான்தான் அதைப் பார்த்துக்கொண்டேன். நாங்கள் பதனிடும் ஒவ்வொரு தோலுக்கும் ஒரு பக்கம். பக்கத்தின் முகவரி ஒரு கேள்விக்குறி, ஒரு எண் என்று முடியும். மெத்தென்ற பழுப்பு ஆட்டுத்தோல் 212. எருமைத்தோலில் வரும் கறுப்பு 87. பார்க்க லட்சணமாக இருக்காது. ஆனால் பதினோரு வருஷம் ஓடியது.

அந்த எண்களை வார்த்தைகளாக மாற்ற வேண்டும் என்று முதலில் சொன்னது நான். நீ சேர்வதற்கு மூன்று வருஷம் முன்னால். 212 என்று யாரும் தேட மாட்டார்கள், பழுப்பு ஆட்டுத்தோல் என்றுதான் தேடுவார்கள், முகவரியிலேயே அந்த வார்த்தை இருந்தால் தேடுகிற இயந்திரத்துக்கும் புரியும், ஆளுக்கும் புரியும் என்று சின்ன முதலாளியிடம் சொன்னேன். அவர் போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"ஓடுற வண்டிய ஏம்மா நிறுத்தணும்? வேற வேல இருந்தா பாரு."

பிறகு நீ வந்தாய். நாட்றம்பள்ளிக்காரன், சென்னையில் ஐந்து வருஷம் இருந்துவிட்டு வந்தவன். இரண்டாவது வாரமே அதே விஷயத்தைத் திரையில் படம் போட்டுக் காட்டினாய். "இததாம்பா நான் எதிர்பாத்துக்கினு இருந்தேன்" என்றார் சின்ன முதலாளி. நானும் அந்த அறையில்தான் இருந்தேன். என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது? நான் கேட்டுக் கேட்டு ஓய்ந்த இரண்டாவது மானிட்டர் உனக்கு முதல் வாரத்திலேயே வந்தது. ஏ.சி. அறை வந்தது. வெளிநாட்டு ஆட்கள் வந்தால் உன்னைக் கூப்பிட்டு அறிமுகம் செய்தார்கள். நீ என்னை அக்கா என்று கூப்பிட்டதும் எரிந்தது. மரியாதையாகத்தான் கூப்பிட்டாய். அதனாலேயே இன்னும் எரிந்தது.

முகவரிகளை மாற்றிய நாள் வெள்ளிக்கிழமை. மதியத் தொழுகைக்குப் பாதிப் பேர் போயிருந்தார்கள். நீ என் மேசைக்கு வந்தாய்.

"அக்கா, பழைய நம்பர வெளிய யாராச்சும் யூஸ் பண்றாங்களா?"

"தெர்லப்பா."

"அப்ப தூக்கிடட்டா?"

"உன் இஷ்டம்."

எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். எங்கள் சாம்பிள் ரூமிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு தோல் துண்டின் பின்பக்கத்திலும் மார்க்கரால் அந்தப் பக்க எண்ணை எழுதி அனுப்புகிறோம். அட்டை கட்டினால் அறுந்துபோகிறது, தோல்மேலேயே எழுதிவிடலாம் என்று பாய் சொல்ல, நானும் அவரும் சேர்ந்து தொடங்கிய வழக்கம். எங்கெங்கோ ஷூ செய்கிறவர்களின் மேசை டிராயர்களில் எங்கள் துண்டுகள் வருஷக்கணக்காகக் கிடக்கின்றன. தேவைப்படும்போது துண்டைத் திருப்பிப் பார்த்து, முகவரியின் கடைசியில் அந்த எண்ணைத் தட்டி, பக்கத்தைத் திறந்து படித்துவிட்டு, '212 வேண்டும், இன்னும் கொஞ்சம் மெல்லிசாக' என்று மெயில் அனுப்புவார்கள். இது தெரிந்துகொண்டுதான் தெரியாது என்றேன்.

நீ எண்ணைத் தூக்கினாய். பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புது முகவரிக்குத் திருப்பிவிட எந்த ஏற்பாடும் செய்யவில்லை. எண்கள் இருந்த பட்டியலையே அழித்தாய். பழைய சர்வரையும் காலி செய்தாய். யார் என்ன சொன்னாலும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டாமா? அது உன் தப்பு.

செவ்வாய்க்கிழமையிலிருந்து மெயில் வர ஆரம்பித்தது. பக்கம் திறக்கவில்லை. இந்தத் தோலை நிறுத்திவிட்டீர்களா? தேடினால் முதல் பக்கத்தில் வந்துகொண்டிருந்த எங்கள் கம்பெனியைத் தேடித் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. மற்ற தளங்களில் எங்களைக் காட்டிப் போட்டிருந்த இணைப்புகள் எல்லாம் போய்ச் சேர இடம் இல்லாமல் நின்றன.

எனக்குச் சந்தோஷம். நீ நகத்தைக் கடித்தபடி இரண்டு மானிட்டரையும் மாறி மாறிப் பார்ப்பது கண்ணாடி வழியாகத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டேன். ஒன்பது நாள் புளிச்சோறும் ருசியாக இருந்தது.

பத்தாவது நாள் சின்ன முதலாளி சாம்பிள் ரூமுக்குள் போனார். நான் வெளியே பார்சல் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது.

"பாய், நம்பர் தப்பா எழுதி அனுப்பினீங்களா? எவனுக்கும் பக்கம் கிடைக்கலையாம். கண்ணு செரியா தெரிலன்னா சொல்லிடுங்க, வேற ஆள போட்டுக்கலாம்."

சின்ன முதலாளி போன பிறகு பாய் எல்லா டிராயர்களையும் வெளியே இழுத்தார். கண்ணாடியைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, தான் எழுதியதைத் தானே ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஆரம்பித்தார். என்னைப் பார்த்ததும் ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினார்.

"இன்னாம்மா இது பேஜாரு? 212 இல்லியாம். அங்க தோல் சுத்துற ட்ரம்ல இப்பகூட அதான் ஓடிக்கினு இருக்குது. நானா தப்பா எழுதினேன்?"

"நீங்க ஒண்ணும் தப்பா எழுதல பாய்."

"அப்ப யாரு தப்பு?"

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

எந்த எண் எந்தத் தோல் என்பது மிச்சமிருந்த ஒரே இடம் அந்த அறை. மூன்று நாள் பகல் முழுக்க உட்கார்ந்தோம். பாய் துண்டைக் கட்டைவிரலால் தேய்த்து, "ஆடு. மெத்து. டார்க் பிரவுன்" என்பார். திருப்பி எண்ணைப் படிப்பார். நான் அந்த எண்ணுக்கு நேராக உன் புது முகவரியை எழுதுவேன். மை மங்கியிருந்தால் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்போம்.

"318."

"378 பாய். நல்லா பாருங்க, ஏழு."

"ஒண்ணும்மா. மூக்கு கொஞ்சம் ஜாஸ்தி ஆய்ட்ச்சு. எழுதினவன் நானா, நீயா?"

முடித்து அட்டவணையை உன்னிடம் கொடுத்தேன். "அக்கா, நீங்க இல்லன்னா நான் காலி" என்றாய். வராந்தாவில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது சொன்னாய். அன்றைக்கே அதை வெப்சைட்டில் போட்டாய். பழைய எண்ணைத் தட்டினவர்கள் புதுப் பக்கத்துக்கு வந்தார்கள். கொஞ்ச நாளில் தேடினால் முன்னைவிட மேலே வந்தோம். உன் யோசனை நல்ல யோசனைதான். அது என் யோசனையும்கூட.

அப்புறம்தான் கேன்டீனில் மைக். "மாத்திக் குடுத்திருக்கேன்." மூன்றாவது வரிசையில் பாயும் கை தட்டிக்கொண்டிருந்தார். போன வாரம் அவரைக் கூப்பிட்டு, அடுத்த மாதத்திலிருந்து பேக்கிங்குக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். எண்ணைத் தப்பாக எழுதியவர் என்றுதான் சின்ன முதலாளி இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். உனக்கு அது தெரியும். அந்தப் பேச்சு வந்தபோது நீ பக்கத்தில்தான் நின்றாய்.

என் பங்கை நான் சொல்லிவிட்டேன். நீ கேட்டபோது தெரிந்தே தெரியாது என்றேன், பொறாமையில் சொன்னேன். இதையே இன்று காலை கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் என் பேரைப் போட்டு எழுதியிருக்கிறேன். சின்ன முதலாளி பார்த்துவிட்டார். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

நீயும் பார்த்திருக்கிறாய். உடனே எனக்கு இரண்டு தடவை போன் செய்தாய். நான் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். வராந்தாவில் வந்து அக்கா என்று நிற்காதே. அந்த அட்டவணையை யார் செய்தது? பாய் எழுதியதில் ஒரு எண்ணாவது தப்பா? எல்லாரும் இருக்கிற அதே குரூப்பில், பாய் பேக்கிங்குக்குப் போவதற்கு முன்னால், உன் கையால் பதில் எழுது.