சங்கிலிக்காரி நின்ற பக்கம்

என் நான்கு வயதுப் போட்டோவில் நான் கேமராவைப் பார்க்கவில்லை. ஓரக்கண்ணால் வலப்பக்கம் பார்க்கிறேன். கழுத்தில் இரட்டைவடச் சங்கிலி, கையில் ஸ்டூடியோவில் கொடுத்த வயரில்லாத டெலிபோன். பார்ப்பவர்கள் மில் முதலாளி வீட்டுப் பிள்ளை என்றுதான் நினைப்பார்கள். எழுபதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் எடுத்தது. அம்மா அப்போது பேண்டேஜ் துணி மடிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

சங்கிலி பக்கத்து வீட்டு அத்தையுடையது. இரவல் கொடுத்துவிட்டு அவள் வீட்டிலேயே இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஸ்டூடியோவுக்கே கூட வந்து, படத்தில் விழாத தூரத்தில், எனக்கு வலப்பக்கம் நின்றாள்.

"ஏட்டி, குனியாத. கொக்கி லேசு, கழண்டுரும்."

மூச்சு விடவே பயந்தேன். விளக்கை அணைக்கும் முன்பே அத்தையின் கை என் கழுத்துக்கு வந்துவிட்டது. அம்மா அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினாள். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூறுகளின் கடைசியில் என் மகளுக்கு நான்கு வயதானது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனேன். அங்கே சுவரில் ஒரு சிவகாசிக் காலண்டர். அதில் ஹாலந்து நாட்டுப் பழைய ஓவியம். லேஸ் காலரும் பவள மாலையுமாக ஒரு சிறுமி, காலடியில் வேட்டை நாய். ஸ்டூடியோக்காரர் அதைக் காட்டிக்கொண்டே ஒரு தகர டப்பாவைத் திறந்தார். உள்ளே கவரிங் சங்கிலிகள்.

"படம்னா அந்தா, அப்படி இருக்கணும்மா. பிள்ளை வெறுங்கழுத்தா நிக்கே. சும்மா எடுத்துப் போடுங்க."

"வேண்டாம்ண்ணே. இருக்கிறதோட எடுங்க."

மகள் டப்பாவைப் பார்த்துவிட்டாள். "எனக்கு அது வேணும்" என்று தரையில் புரண்டு அழுதாள். கவரிங்தானே, காவலுக்கு யாரும் நிற்கப் போவதில்லையே என்று எனக்கே மனம் இளகியது. ஆனாலும் நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அடுத்தவர் பொருளைப் போட்டுக்கொண்டு நிற்பது என்னோடு போகட்டும் என்று முடிவு செய்து வந்திருந்தேன்.

அழுது முடிக்கும்வரை விட்டேன். முகத்தைக் கழுவி, அவளுடைய பூப்போட்ட கவுனோடும் கண்ணாடி வளையலோடும் ஸ்டூலில் நிறுத்தினேன். கேமராவுக்கு நேர் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"செத்த சிரி பாப்பா" என்று அவர் கெஞ்சிப் பார்த்தார். அவள் அசையவில்லை.

இரண்டு படங்களும் இப்போது என் வீட்டில் ஒரே சுவரில் இருக்கின்றன. மகள் மூக்கு சிவந்து, உதட்டைப் பிதுக்கி, என்மேல் இருந்த அத்தனை கோபத்தோடும் முறைக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என் மகள் நேராகப் பார்க்கிறாள்.