கொண்டக்டர் றொபின்சன் போகாமல் நின்றது

றொபின்சனுக்குக் கடல் ஒத்துவரவில்லை. மாம்புரியில் பஸ்தியானின் மகன் கடலுக்குப் போகாமல் இருப்பதாவது என்று தகப்பன் பலமுறை அவனைத் தோணியில் ஏற்றிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் சத்தி எடுத்துச் சுருண்டு, வெளுத்த முகத்தோடு கரையேறினான். "இவன் தரையில பிழைக்கட்டும்" என்று பஸ்தியான் கடைசியில் கைகழுவிவிட்டார்.

தரையில் பிழைக்க அவனுக்குக் கிடைத்தது கற்பிட்டி - புத்தளம் பஸ்ஸின் மிதிபலகை. இருபது வயதில் ஏறியவன் முப்பத்தைந்து தாண்டியும் அதில்தான் நின்றான். வேலை அவனுக்குப் பிடித்திருந்தது. மிளகாய் மூட்டையோடு ஏறும் எத்தாளை ஊர்ப் பெண்களுக்குப் பின்வரிசையில் இடம் பிடித்துக் கொடுப்பான். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களைக் கேட்காமலே வாசலில் இறக்கிவிடுவான். ஆனாலும் ஒவ்வொரு நாளும் அவன் கண் போனதென்னவோ டிரைவரின் கதிரைக்குத்தான்.

ஒரு கண் என்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் தென்னோலை ஈர்க்கு குத்தியதில் இடக்கண்ணில் பார்வை இல்லை. பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. பாரவாகன லைசன் எடுக்க மருத்துவப் பரிசோதனைக்குப் போன நாளில், வலக்கண்ணை மூடச் சொன்னதும் அவனால் ஓர் எழுத்தும் வாசிக்க முடியவில்லை. டொக்டர் நல்ல மனிதர். "தம்பி, உங்களை நம்பி அம்பது பேர் இருப்பாங்க. நீங்களே யோசிச்சுப் பாருங்க" என்றார். திரும்பி வரும்போது தான் வேலை செய்யும் பஸ்ஸிலேயே காசு கொடுத்து டிக்கட் எடுத்துக்கொண்டு, பின்கதிரையில் ஒரு பயணியைப் போல உட்கார்ந்து வந்தான். வீட்டுக்கு வந்து மனைவி ஷானிகாவிடம், "சரிவரல்ல" என்று மட்டும் சொன்னான்.

அந்த வேலையில் மிதிபலகைக்கு மேலே டிரைவர் கதிரை. டிரைவர் கதிரைக்கு மேலே ஒன்றுமில்லை. அதனால்தானோ என்னவோ, ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். டிரைவர்கள் கட்டாருக்குப் போனார்கள். இளம் பிள்ளைகள் கற்பிட்டிக் கரையில் வெள்ளைக்காரர் பட்டம் கட்டிக் கடலில் சறுக்கும் ஹோட்டல்களுக்குப் போனார்கள். நேரம் பார்த்து பஸ்களை அனுப்பிக்கொண்டிருந்தவரும் மகளோடு இத்தாலிக்குப் போய்விட்டார். பஸ் உரிமையாளர் சங்கத்தின் வளவில் ஓட்ட ஆளில்லாத பஸ்கள் நின்றன; அவற்றின் கூரையில் காய்ந்த தென்னோலைகள் விழுந்து கிடந்தன.

ஷானிகாவின் தம்பி கிளைட்டன் அப்படியொரு ஹோட்டலில்தான் வேலை செய்தான். "அத்தான், எங்கட ஹோட்டல்ல ஆள் எடுக்கிறாங்க. உங்களுக்கு சிங்களமும் தெரியும், இங்கிலீசும் சமாளிப்பீங்க. ரெண்டு வருசத்தில சூப்பவைசர் ஆக்குவாங்க" என்றான். அந்தக் கடைசி வசனம் றொபின்சனுக்குள் இறங்கிவிட்டது.

சங்கத்தின் தலைவர் ஹயாத்து முகம்மது ஹாஜியார். றொபின்சன் வேலை செய்த பஸ்ஸும் அவருடையதுதான். தலவில அன்னம்மாள் கோயில் திருவிழா முடிந்ததும் நின்றுவிடுவதாக அவரிடம் சொன்னான்.

"நீயுமா?" என்றார் ஹாஜியார்.

ஆவணி மாதத் திருவிழாவுக்கு நாடே திரண்டு வரும். அந்த வருடமும் கூடாரங்கள் கடற்கரை வரை போயிருந்தன. திருநாள் பூசை முடிந்து அன்னம்மாளின் சுரூபம் சுற்றி வந்து கோயிலுக்குள் போனதுதான் தாமதம், சனம் முழுவதும் பாய், பானை, பிள்ளைகளோடு பஸ்களை நோக்கி ஓடியது. நேரம் பார்க்க ஆளில்லை. முன்னால் நின்ற பஸ்ஸில் எல்லோரும் ஏறினார்கள். புத்தளம் போகிறவர்கள் சிலாபம் பஸ்ஸிலும், சிலாபம் போகிறவர்கள் கற்பிட்டி பஸ்ஸிலும் ஏறி, பிறகு சண்டை பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். ஒரு பஸ் வெளியே போக வழியில்லாமல் இன்னொரு பஸ் குறுக்கே நின்றது.

றொபின்சன் தன் பஸ்ஸின் கதவில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு டிக்கட் பையை டிரைவர் ஸப்வானிடம் கொடுத்துவிட்டு இறங்கினான். யாரும் அவனை இறங்கச் சொல்லவில்லை. சிலாபம் பஸ்களைப் புளியமரத்தடிக்கு அனுப்பினான். புத்தளம் பஸ்களைத் தெருவோரமாக ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினான். தமிழில் ஒருதரம், சிங்களத்தில் ஒருதரம் என்று தொண்டை கட்டும்வரை கத்தினான். வயதானவர்களை முதலில் ஏற்றினான். பின்னேரம் ஆவதற்குள் நெரிசல் பாதியாகிவிட்டது. அத்தனை வருடத்தில் முதல் முறையாக, முழு ஓட்டமும் தன் கைக்குள் இருக்கிறது என்ற உணர்வு அவனுக்கு வந்தது. அது டிரைவர் கதிரை பற்றி அவன் கனவு கண்டதை விடப் பெரிதாக இருந்தது.

அப்போதுதான் ஸப்வான் புத்தளத்துக்கு ஒரு நடை போய்விட்டுத் திரும்பி வந்தான். பஸ்ஸை நிறுத்தும்போது பின்சில்லு வேலிக்கம்பத்தில் உரசியது. ஸப்வான் அப்படி உரசுகிறவன் இல்லை. றொபின்சன் ஓடிப்போய்ப் பார்த்தான். ஸப்வானின் கண்கள் சிவந்து, இமை பாதியில் நின்றது. டிரைவர்மார் இல்லாததால் இருவர் செய்யும் வேலையை அவன் நேற்றிலிருந்து தனியாகச் செய்துகொண்டிருந்தான்.

"மச்சான், இறங்கு. கொஞ்சம் படு."

"விசரா ஒனக்கு? சனம் நிக்கிது. ஹாஜியார் ஏசுவாரு."

"ஏசட்டும். இறங்கு."

அதற்குள் பஸ்ஸில் ஏறிவிட்டவர்கள் கத்தத் தொடங்கினார்கள். ஒரு பெரிய மனிதர் றொபின்சனின் சேட்டுக் கொலரைப் பிடித்தார். றொபின்சன் சாவியைக் கழற்றித் தன் பொக்கற்றில் போட்டுக்கொண்டான். சத்தம் கேட்டு ஹாஜியாரே வந்துவிட்டார்.

"என்ட பஸ்ஸ நிப்பாட்ட நீ யாரு?"

"நான் ஆருமில்லை ஹாஜியார். நாளையில இருந்து கொண்டக்டருமில்லை. ஆனா இந்த ஆள் கண்ணை முழிக்க ஏலாம இருக்கிறார். பாருங்க."

ஹாஜியார் பார்த்தார். அதற்குள் ஸப்வான் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தான், அத்தனை கூச்சலுக்கும் நடுவில். கொலரைப் பிடித்திருந்தவரும் அதைப் பார்த்தார். அவருடைய கை தானாகக் கீழே இறங்கியது. அந்த பஸ்ஸின் சனத்தை மற்ற பஸ்களில் பிரித்து ஏற்ற றொபின்சனுக்கு வெகுநேரம் பிடித்தது. சிலர் ஏசிக்கொண்டேதான் போனார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹாஜியார் மாம்புரிக்கு வந்தார். ஷானிகா கதிரை போட்டு, பிளேன்டி ஊற்றிக் கொடுத்தாள். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"சம்பளம் கூட்டித் தாறன். நில்லு."

"சம்பளத்துக்காக மட்டும் போகல்ல ஹாஜியார்" என்றான் றொபின்சன். "அங்க போனா என்ன ஆவன் எண்டு சொல்லுறாங்க. இங்க ஆரும் சொல்லுறதில்ல."

கதவருகே நின்ற ஷானிகா கேட்டாள்: "ஸப்வான் நானாவுக்கு வயசு போய், ஓட்ட ஏலாமப் போனா அவருக்கு என்ன வேலை குடுப்பீங்க?"

"அப்ப வேற ஆள் பாப்பம்."

"அதுதான், அவங்களும் வேற இடம் பாக்கிறாங்க."

ஹாஜியார் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா என்று றொபின்சனுக்குத் தெரியவில்லை. "ஒன்ட பொண்டாட்டியையும் சங்கத்துக்குக் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

ஷானிகா போகவில்லை. றொபின்சன் போனான். திருவிழாவில் செய்த வேலையை நாளாந்தம் செய்ய ஓர் ஆள் வேண்டும், அது நானாக இருக்கட்டும் என்று கேட்டான். மற்ற உரிமையாளர்கள் அதற்குத் தலையாட்டினார்கள். ஆனால் அவன் அதோடு நிறுத்தவில்லை. விருப்பமுள்ள கொண்டக்டர்களுக்கு லைசன் எடுக்கச் சங்கம் உதவ வேண்டும். சும்மா நிற்கும் பஸ்ஸில் அவர்கள் பழக வேண்டும். ஓட்டிக் களைத்த மூத்த டிரைவர்கள் பழக்கிக் கொடுக்கட்டும், அதற்கும் சம்பளம் கொடுங்கள் என்றான்.

"பழக்கி விட்டா அடுத்த மாசம் கட்டாருக்குப் பறப்பான்" என்றார் ஒருவர்.

"பறப்பான் ஐயா. பழக்காட்டியும் பறக்கிறான்தானே" என்றான் றொபின்சன்.

கூட்டம் இழுபட்டது. கடைசியில் ஹாஜியார் தன்னுடைய பஸ்களில் மட்டும் செய்து பார்ப்பதாகச் சொன்னார். கிளைட்டனுக்கு றொபின்சன்தான் போன் எடுத்து, வரவில்லை என்றான். "உங்களுக்குப் பைத்தியம்" என்றான் கிளைட்டன். இருக்கலாம் என்று றொபின்சனுக்கும் தோன்றியது.

எல்லாம் நல்லபடி நடந்தது என்று சொல்ல முடியாது. முதலில் லைசன் எடுத்தவன் உண்மையிலேயே டுபாய்க்குப் பறந்தான். "சொன்னோமே" என்று உரிமையாளர்கள் றொபின்சனைப் பார்த்தார்கள். இரண்டாவது ஆள் நின்றான். கட்டாருக்குப் போக ஆயத்தமாக இருந்த ஸப்வான், வாரத்தில் மூன்று நாள் பழக்குகிற வேலை கிடைத்ததும், பயணத்தைத் தள்ளிப் போட்டான். இன்னும் தள்ளிக்கொண்டே இருக்கிறான்.

எத்தாளையிலிருந்து டிலுக்ஷி என்ற பெண் கொண்டக்டராகச் சேர்ந்தாள். சேரும் போதே, "அண்ணா, நான் டிக்கட் குடுக்க வரல்ல, ஓட்ட வந்தனான்" என்று சொல்லிவிட்டாள். முதலில் கார் ஓட்டும் லைசன் எடுத்தாள். பாரவாகனத்துக்கு விண்ணப்பிக்கச் சட்டப்படி காலம் காத்திருக்க வேண்டியிருந்தது, காத்திருந்தாள். வளவில் பழகியபோது ஒரு தென்னையில் இடித்தாள். அந்தத் தென்னைக்கு ஒன்றும் ஆகவில்லை. பஸ்ஸின் முன்விளக்குதான் போனது. றொபின்சன் புது விளக்கு வாங்கிப் பூட்டிவிட்டு, ஹாஜியாரிடம் தானே போய்ச் சொன்னான். அவளோடு மருத்துவப் பரிசோதனைக்குப் போனவனும் அவன்தான். உள்ளே அவள் ஒவ்வொரு கண்ணாக மூடி எழுத்துகளை வாசித்தது, வெளியே மரவாங்கில் உட்கார்ந்திருந்த அவனுக்குக் கேட்டது. பொறாமை கொஞ்சம் இருந்தது. அதை அவன் தனக்குத் தானே மறைக்கவில்லை.

டிலுக்ஷி பயணிகளோடு முதன்முதலாகப் புத்தளத்துக்கு ஓட்டிய காலையில், றொபின்சனும் முன்கதிரையில் ஏறி உட்கார்ந்தான். நுரைச்சோலை வரை பேசாமல் வந்தான். பிறகு வாய் சும்மா இருக்கவில்லை. மாடு நிற்குது என்றான், வளைவு வருது என்றான், பின்னால லொறி என்றான். பாலாவிச் சந்தியில் அவள் பஸ்ஸை ஓரமாக நிறுத்தினாள்.

"அண்ணா, கோவிக்காதீங்க. நீங்க இறங்குங்க. நீங்க கதைக்கக் கதைக்கத்தான் எனக்குப் பயம் வருது."

பஸ்ஸே சிரித்தது. றொபின்சனும் சிரித்துக்கொண்டு இறங்கி, கையைக் காட்டி அனுப்பிவிட்டு, கற்பிட்டிக்குத் திரும்பும் பஸ்ஸுக்காகச் சந்தியில் காத்து நின்றான்.