அக்குளில் இருந்த செருப்பு

என் தம்பியைப் போலீஸ் பிடித்தது, அவன் செருப்பைக் காலில் போடாமல் அக்குளில் வைத்திருந்ததற்காக. வேறு ஒரு குற்றமும் அவன் செய்யவில்லை.

ஆம்பூர்ப் பக்கத்தில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் நாங்கள் இருவரும் சுண்ணாம்புத் தொட்டி வேலை செய்தோம். மயிர் உதிர்வதற்காகத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருப்பார்கள். உள்ளே இறங்கி அதை மிதித்துப் புரட்ட வேண்டும். தம்பியின் பாதத்தைச் சுண்ணாம்பு தின்றுவிட்டது. விரல் இடுக்கெல்லாம் புண். வெறுங்காலோடு நடந்தால் மண் ஏறிச் சீழ் வைத்தது. மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, பதனிட்ட தோலில் வெட்டிப்போட்ட ஓரத்துண்டுகளைக் கொடுத்தார். அப்படிக் கொடுப்பது வழக்கம்தான். முதலாளிக்குத் தெரியாது, அவ்வளவுதான். தம்பி தானே செருப்பு தைத்துக்கொண்டான்.

சேரிக்கு நேர்வழி ஊர்த்தெரு. அந்தத் தெருவில் நாங்கள் செருப்புப் போடக்கூடாது. தெருமுனையில் கழற்றி, துண்டில் சுற்றி, அக்குளில் இடுக்கிக்கொண்டு போவோம். கையில் தொங்கவிட்டாலும் திட்டுவார்கள். என் அப்பன் அப்படித்தான் போனான். நாங்களும் போனோம்.

ஒருநாள் சாயங்காலம் அந்தத் தெருவில் ஒரு கான்ஸ்டபிள் தம்பியை நிறுத்தினான். நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன்.

“அக்குள்ல இன்னாடா?”

“செருப்புங்க. என்துதான்.”

“உன் செருப்புன்னா கால்ல இல்ல இருக்கும்? திருட்டுச் செருப்புதாண்டா அக்குள்ல இருக்கும்.”

தெருவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கான்ஸ்டபிளுக்கு விஷயம் தெரியாதா? அவன் ஊரிலும் இப்படி ஒரு தெரு இருந்திருக்கும். ஷாப்புகளில் தோல் திருட்டு ஜாஸ்தியாகிக் கிடந்தது. அதிகாரிக்குக் காட்ட அவனுக்கு ஒரு ஆள் வேண்டும். சிரித்த வாய்களில் ஒன்றாவது “நாங்கதான் கழட்டச் சொன்னோம்” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஸ்டேஷன் வரை பின்னாலேயே போனேன். ஷாப்பில் கொடுத்த தோலில் தானே தைத்தது என்று தம்பி வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனான். எப்போதோ மைதானத்தில் நடந்த கட்சிக் கூட்டத்தில் கேட்ட ஒரு வார்த்தை என்னிடம் இருந்தது.

“ஐயா, வாரண்டு இல்லாம எப்படிங்க?”

ஏட்டு உட்கார்ந்தபடியே கத்தினார். “வக்கீல் வந்துட்டாருடா, பெஞ்சு போடுங்க! திருட்டு சாமான்னு சந்தேகம் வந்தா போதும், புடிக்கலாம். சட்டத்துலயே இருக்குது. தோல் குடுத்தவன இட்டுனு வா, உட்டுட்றேன்.”

சட்டத்தில் அது இருப்பது உண்மை. பிறகு படித்தவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு நாளுக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதை ஏட்டு சொல்லவில்லை. சந்தேகம் நியாயமானதாக இருக்க வேண்டுமாம். நியாயமா இல்லையா என்று முடிவு செய்கிறவன் கையில்தான் லத்தியும் இருக்கிறது.

மேஸ்திரியிடம் ஓடினேன்.

“நான் குடுத்தேன்னு சொன்னா முதலாளி என்னை வெளிய தள்ளிடுவாரு. எனக்கும் புள்ளைங்க இருக்குதுடா.”

“நீங்க சொல்லலன்னா அவன் வேலூர் ஜெயிலுக்குப் போவான் மேஸ்திரி. திருடன்னு பேரு வந்துட்டா எந்த ஷாப்புல சேப்பாங்க?”

“பாக்கலாம், போ.”

மறுநாளும் அதையே சொன்னார். அதற்கு அடுத்த நாள் காலையில் நான் தொட்டியில் இறங்கவில்லை. நான் இறங்காததைப் பார்த்து மற்றவர்களும் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். புரட்டாத தோல் சுண்ணாம்பில் வெந்து பாழாகிவிடும். முதலாளி அதற்குப் பதில் கேட்பது மேஸ்திரியைத்தான்.

“பேஜார் புடிச்சவனுங்களா!” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். “உங்களுக்குப் பாவம் பாத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

செருப்போடு போவதற்காக, ஊர்த்தெருவை விட்டு ஏரிக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு ஸ்டேஷன் போனோம். என் செருப்பை வாசலில் விட்டேன். மேஸ்திரி, தோல் கொடுத்தது தான்தான் என்று சொன்னார். ஏட்டு கொட்டாவி விட்டார். “இத அன்னைக்கே வந்து சொல்றதுக்கு இன்னா?”

தம்பியை விட்டார்கள். செருப்பைத் தரவில்லை.

அவனால் நிற்க முடியவில்லை. உள்ளங்காலில் அடித்திருந்தார்கள். ஏற்கெனவே சுண்ணாம்பு தின்ற கால். இரண்டு பாதமும் வீங்கிக் கறுத்திருந்தன. வாசலில் என் செருப்பை மாட்டிக்கொண்டு அவனை முதுகில் ஏற்றினேன். அந்தக் கனத்தோடு ஏரிக்கரையைச் சுற்ற முடியாது. நேராக ஊர்த்தெருவில் நடந்தேன். இரண்டு கையும் அவன் தொடையைப் பிடித்திருந்தன.

“டேய்! செருப்பு!” என்று ஒரு வாசலிலிருந்து ஒருவர் கத்தினார்.

நான் நிற்கவில்லை. “அக்குள்ல வெச்சா போலீசு புடிக்குது சாமி!” என்றேன்.

முதுகில் தம்பி, “வேணாண்ணா, கழட்டிடு. மறுபடியும் புடிச்சுடுவாங்க” என்று அழுதான். நான் கழற்றவில்லை.

மேஸ்திரி அதற்குப் பிறகு யாருக்கும் துண்டுத்தோல் கொடுக்கவில்லை. தம்பியின் கால் ஆறவுமில்லை, அவன் தொட்டியில் இறங்கவுமில்லை.