புதுப் போனுக்கு வராத குரல்கள்

போன லீவுக்கு வந்திருந்தபோது என் கணவர் ஒரு ஐபோனை வாங்கித் தந்துவிட்டுப் போனார். அவர் ராணுவத்தில் ஹவில்தார். வருஷத்துக்கு இரண்டு தடவைதான் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வருவார். வீடியோ காலில் என் முகம் கலங்கலாகத் தெரிகிறது என்பது அவருடைய நெடுநாள் குறை. பெட்டியைப் பிரித்து, போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மறுபடியும் பீரோவுக்குள்ளேயே வைத்துவிட்டேன். நாலு வருஷமாகக் கையில் இருந்த ஆண்ட்ராய்டு போனில் எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். புதுசில் பின்னால் போவதற்கு ஒரு பொத்தான்கூடக் காணோம். ஒன்றுக்குள் போய்விட்டால் எப்படி வெளியே வருவது என்பதே பிடிபடவில்லை.

ஆனாலும் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அதை எடுத்து ஒரு தடவை பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை இரண்டு போன்களையும் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் டைம் ஆபீஸில் எனக்கு வேலை. யார் எந்த ஷிப்டுக்கு வந்தார்கள், போனார்கள் என்று பார்ப்பது. சாயங்காலம் வேலை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உள்ள ஒரு செல்போன் கடைக்குப் போனேன். கடையை நடத்துவது என்னைவிடக் கொஞ்சம் இளைய பெண். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ்.

அவள் இரண்டு போன்களையும் அருகருகே வைத்தாள். ஐபோன் காட்டிய எண்களைப் பழைய போனில் அடித்தாள்.

"போட்டோ, மெசேஜ், நம்பர் எல்லாம் தானா போயிரும்க்கா. நீங்க ரெண்டையும் தொடாம இருந்தாப் போதும்."

நான் தொடவில்லை. ஆனால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை. ஒரு கோடு எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது.

"நாலு வருஷத்துப் போட்டோவும் எது வழியாப் போகுது?"

"வைஃபை வழியாத்தான்."

"அது சரி. இங்கேருந்து கிளம்பி அங்க போய்ச் சேரலைன்னா, இப்ப எங்க இருக்கு?"

அவள் யோசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "எனக்கும் தெரியாதுக்கா. போய்ச் சேந்துரும், அம்புட்டுத்தான் தெரியும்."

கோடு பாதி தூரம் போயிருந்தபோது, "கால் ரெக்கார்டிங் மட்டும் இதுல வராது. அது வேணும்னா பழைய போனை எக்ஸ்சேஞ்சுக்குக் குடுக்காதீங்க" என்றாள்.

"நான் எதையும் ரெக்கார்ட் பண்ணலையே."

"நீங்க பண்ணல. போன் தானா பண்ணியிருக்கு. வாங்குன அன்னைக்கே யாரோ செட்டிங்ல ஆன் பண்ணி விட்ருக்காங்க. இதே போன் வச்சிருக்கவங்க நெறையப் பேருக்குத் தெரியாது."

எல்லாம் முடிந்த பிறகு அந்த ஃபோல்டரைத் திறந்து காட்டினாள். விரலால் தள்ளத் தள்ள முடியாமல் போய்க்கொண்டே இருந்தது. நாலு வருஷம் நான் பேசியது, என்னிடம் பேசியது அத்தனையும். பழைய போனை அங்கேயே கொடுத்துவிடலாம் என்றுதான் வந்திருந்தேன். கொடுக்கவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து மில்லுக்குப் போகும் பஸ்ஸில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தேன். முதல் தடவை என் குரலைக் கேட்டபோது யாரோ வேறு பொம்பளை என்றே நினைத்தேன். மேனேஜரிடம் பேசும்போது என் குரல் மெலிந்து, மூக்கில் வருகிறது. மம்சாபுரத்தில் இருக்கும் அம்மா ஏதோ சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே "சரி சரி, வை" என்கிறேன். தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டு அக்காவிடம் அரைகுறைத் தெலுங்கில் பேசி, நானே சிரித்துக்கொள்கிறேன். இத்தனை பேராக நான் இருப்பது எனக்குத் தெரியாது. இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும் ஆவலில் பஸ் ராஜபாளையம் வந்து சேர்ந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வாரக் கடைசியில்தான் அந்த மூன்று அழைப்புகளும் கிடைத்தன. பெயர் இல்லை, வெறும் நம்பர். மூன்றும் ஒரே நாள். தேதியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது: எனக்குக் கர்ப்பப்பையில் ஆபரேஷன் நடந்து மூன்றாவது நாள். அன்றைக்கு நான் யாரோடும் பேசும் நிலையில் இல்லை.

அந்த ஆபரேஷனுக்குத்தான் என் கணவர் லீவு போட்டு வந்திருந்தார். நாலாம் நாள் காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கட்டில் பக்கம் வந்து, "டூட்டிக்குப் போகணும்ல, வாரேன்" என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை. தையல்கூடப் பிரிக்கவில்லை. அம்மாவுக்கும் அப்போதுதான் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டு அக்காதான் என்னைத் தாங்கிப் பிடித்து நடக்க வைத்தாள். மூன்று வருஷம் ஆகிவிட்டது. அதைப் பற்றி நான் அவரிடம் கேட்டதே இல்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

முதல் அழைப்பில் ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம். அப்புறம் அவர் குரல், இந்தியில். அவருடைய போன் சார்ஜ் இறங்கி என்னுடையதை எடுத்திருக்க வேண்டும். இதை மூன்று வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் எனக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அதற்குப் பிறகு மில்லுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பெண்கள் நிறைய வந்தார்கள். அவர்களோடு தினமும் பேசிப் பேசி எனக்கு இந்தி ஒட்டிக்கொண்டது.

பத்து நாள் லீவு நீட்டித் தாருங்கள் சாப், அவளால் எழுந்து உட்காரவே முடியவில்லை, வீட்டில் வேறு ஆள் இல்லை என்று கேட்கிறார். எதிர்முனையில் இருந்த அதிகாரி கோபப்படவில்லை. ஏற்கெனவே ஆள் குறைவு, என் கையில் இல்லை என்கிறார். ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது அழைப்பு. ஐந்து நாள் போதும் என்கிறார். மத்தியானம் மூன்றாவது. இரண்டே நாள் சாப், தையல் பிரிக்கிற வரைக்கும். அதுவும் முடியாது என்று பதில் வருகிறது. பிறகு, "சரி சாப், கிளம்புறேன்."

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "என்னக்கா, வீட்ல எதும் பிரச்சனையா?" என்று கேட்டாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு இல்லை என்று தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புதுப் போனில் வீடியோ கால் போட்டேன்.

"இப்பத்தான் முகம் தெளிவாத் தெரியுது" என்றார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் திரையைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்.

"அன்னைக்கே ஏங்க சொல்லல?"

"என்னன்னு சொல்ல? கெஞ்சிப் பாத்தேன், தரலன்னா? போறேன்னு சொல்றது லேசா இருந்துச்சு."

"மூணு வருஷமா நான் மனசுல என்ன வச்சிருந்தேன்னு தெரியுமா?"

"தெரியும்" என்றார். "நீ கேப்பேன்னு இருந்தேன். கேக்கல. பொறவு நானும் விட்டுட்டேன்."

நான் பக்கத்தில் கிடந்த பழைய போனை எடுத்துக் காட்டினேன்.

"அதை அழிச்சிரு" என்றார்.

"மத்ததையெல்லாம் நேத்தே அழிச்சிட்டேன். பேசுனவங்களுக்குத் தெரியாம, கதவுக்குப் பின்னால நின்னு கேக்குற மாதிரி இருந்துச்சு. இந்த மூணு இருக்கட்டும்."

அப்போதுதான் அவருக்கு ஏதோ உறைத்தது. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு போனுக்கு மிக அருகில் வந்தார்.

"ஏட்டி, நான் இந்தியிலல்லா பேசுனேன். உனக்கு எப்படிப் புரிஞ்சுது?"

மில் பெண்களைப் பற்றிச் சொன்னேன்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"சொல்லவே இல்லையே."

"நீங்களும் கேக்கல."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பரீட்சை வைப்பவர் மாதிரி, இன்றைக்கு என்ன சமைத்தாய் என்று இந்தியில் கேட்டார். மீன் குழம்பு என்று இந்தியில் சொன்னேன். அது பீகார்க்காரி பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார். பீகார்க்காரிதானே சொல்லிக் கொடுத்தாள் என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்.