மூன்றாவது கட்டம்

மஞ்சள் கைப்பிடி போட்ட ஒரு நீளத் திருப்புளி. அதன் நுனியை, ஓடுகிற பம்பின் பேரிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்தி, உள்ளே கோளாறான சத்தம் ஏதும் வருகிறதா என்று கண்ணை மூடிக் கேட்பார் எங்கள் டெஸ்டிங் அம்மணி. கோவையில் நான் தர மேலாளராக இருந்த பம்புத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவர் டெஸ்டிங் அம்மணிதான். வயதில் என்னைவிட இரண்டு வருடம் இளையவர். பிடிவாதத்தில் யாரைவிடவும் மூத்தவர்.

எனக்கு அப்போது வானத்தின் மேல் பைத்தியம். மதியம் சாப்பாட்டுத் தூக்குப்போசியைத் திறந்ததுமே வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றி ஆரம்பித்துவிடுவேன். இத்தனை வருடமாகப் பெரிய பெரிய ஆன்டெனாக்களை வைத்துக் கேட்டும் ஒரு குரல்கூட வரவில்லை, ஆகவே அங்கே யாருமே இல்லை என்பது என் கட்சி. ஒருநாள் அம்மணி தயிர்சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஏனுங்க சார், இல்லீங்களா, கேக்கலீங்களா?" என்றார். இரண்டும் ஒன்றுதானே என்றேன். "அதெப்படிங்க ஒண்ணாகும்?" என்று சிரித்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. ஏற்கெனவே அந்த வார்த்தையால்தான் எங்களுக்குள் சண்டை. சோதனைப் படிவத்தில் 'இரைச்சல்: உண்டு, இல்லை' என்று இரண்டே கட்டங்கள். அம்மணி இரண்டையும் விட்டுவிட்டு, ஓரத்தில் சாய்வான எழுத்தில் 'கேட்கவில்லை' என்று எழுதுவார். வாங்குகிறவர்கள் சிரிப்பார்கள் என்று எத்தனையோ முறை கடிந்துகொண்டேன். "எங்காதுக்குத்தானுங்க நாங் கையெழுத்துப் போட முடியும், பம்புக்குப் போட முடியுங்களா?" என்பார்.

ஒருநாள் அந்தியூருக்குப் போகவேண்டிய லாரி வாசலில் நிற்கிறது. கடைசிப் பம்பின்மேல் திருப்புளியை வைத்த அம்மணி எடுக்கவே இல்லை. "கேட்ட மாதிரியும் இருக்குதுங்க, கேக்காத மாதிரியும் இருக்குதுங்க" என்றார். நான் பிடுங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. படிவத்தில் நானே 'இல்லை' என்று குறித்தேன். அவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். விஷயம் முதலாளிவரை போனது. "எல்லா மிசினையும் ஒருக்கா நிறுத்துங்க. அஞ்சே நிமிசமுங்க" என்றார் அம்மணி.

முதலாளிக்குக் கோபம். "சரி அம்மணி, நிறுத்தறேன். ஒண்ணும் கேக்கலீன்னா நாளைலிருந்து வேலைக்கு வர வேண்டாம்" என்றுவிட்டார். லேத்துகள் நின்றன. பிரஸ் நின்றது. கடைசியில் கம்ப்ரசரும் பெருமூச்சு விட்டு அடங்கியது. அந்தக் கூரையின் கீழ் அப்படியோர் அமைதியை நான் கேட்டதே இல்லை. அவர் வேலை போகக்கூடாதே என்றுதான் மனம் அடித்துக்கொண்டது, சத்தம் கேட்டால் தோற்கப்போவது நான்தான் என்றாலும்.

அந்தப் பம்பை மட்டும் ஓடவிட்டோம். திருப்புளியே தேவைப்படவில்லை. டிக், டிக் என்று வாசலில் நின்ற லாரி டிரைவருக்கே கேட்டது. பிரித்துப் பார்த்தால் பேரிங்கின் உள்கூட்டில் விரிசல். ஷெட் முழுக்க விசில் பறந்தது. அடுத்த வாரம் அச்சாகி வந்த படிவத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் இருந்தது: கேட்கவில்லை.

அதற்குப்பின் நான் வானத்தைப் பற்றி வாயைத் திறந்தால் அந்தக் கம்ப்ரசர்தான் நினைவுக்கு வருகிறது. செல்போன், டவர், செயற்கைக்கோள் என்று நம் இரைச்சலுக்கு நடுவே நின்றுகொண்டு, வானத்தின் ஏதோ ஒரு மூலையில் சற்று நேரம் காதை வைத்துவிட்டு, 'இல்லை' என்று குறித்துவிடுகிறோம். அன்று நான் செய்ததும் அதைத்தானே.

சென்ற மாதம் அவிநாசியில் ஒரு பள்ளி அரங்கில் இதைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். கரும்பலகையில் 'வேற்றுக்கிரகவாசிகள்: உண்டு, இல்லை' என்று இரண்டு கட்டம் போட்டு வைத்திருந்தார்கள். இன்று சொந்தமாகப் பம்பு சோதனைக்கூடம் நடத்தும் அம்மணி முன்வரிசையில் இருந்தார். ஓர் இளம் ஆசிரியை எழுந்து, "இத்தன வருசம் கேட்டும் ஒண்ணுமில்லீங்களே, இல்லைன்னே ஒத்துக்கலாமுங்களே?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் முன்வரிசையிலிருந்து குரல் வந்தது: "நம்ம மிசினையெல்லாம் ஒருக்கா நிறுத்திப்போட்டுக் கேட்டுப் பாத்தீங்களா, கண்ணு?"

அரங்கம் கைதட்டி ஓயவில்லை. நான் சாக்பீஸை நீட்டினேன். அம்மணி மேடையேறி, கைப்பையிலிருந்து மஞ்சள் கைப்பிடித் திருப்புளியை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, அதே சாய்வான எழுத்தில் எழுதினார்: இன்னும் கேக்கலீங்க.